சப்ளையர் பெட்டியில் நாடாளுமன்றம்



இந்த வார எபிசோடில் பிசினஸ் அனலிஸ்ட் வேலையைப் பற்றிப் பேசும்போது 'சைபாக்' என்று ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு, விளக்காமலே அடுத்த கேள்விக்குத் தாவிட்டோம். "அந்த அஞ்சு கட்டம் போட்டு ஸ்டிக்கி நோட் ஒட்டற விஷயம்தானே? அதுக்கெல்லாமா மணிக்கணக்குல பில் போடறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். போடறோம். ஆனா அந்த அஞ்சு கட்டத்துல ஒண்ணை நான் ஒழுங்கா நிரப்பாததால ஒரு புத்தாண்டே பாழாப் போச்சு. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2020 ஜனவரி. நான் ஓஸ்லோ வந்து ஒன்றரை வருஷம். அப்போது கான்ட்ராக்டர் இல்லை. ஒரு இந்திய கம்பெனி மூலமாக ஆன்சைட். கிளையன்ட் பெயர் வேண்டாம். வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழில் அவர்களுக்கு. வாடிக்கையாளரின் முகவரியை எடுத்து, அது எந்த நகராட்சியில் வருகிறது என்று பார்த்து, அந்த நகராட்சியின் எண்ணுக்கு என்ன கட்டணம் என்று ஒரு டேபிளில் தேடி, பில் போடும் சிஸ்டம். நார்வேயில் ஒவ்வொரு நகராட்சிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. ஓஸ்லோவுக்கு 0301. ஓஸ்லோவை ஒட்டி மேற்கே இருக்கிற பேரூமுக்கு 0219.

லீவு முடிந்து முதல் வேலை நாள். காபி எடுத்துட்டு உட்கார்றதுக்குள்ள சப்போர்ட் டீமிலிருந்து போன். பேரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம், வடகோடியில் ஃபின்மார்க்குக்குப் போடுகிற டெலிவரி கட்டணம் விழுந்திருந்தது. எண் டேபிளில் கிடைக்காவிட்டால் 'மிகத் தொலைவு' என்று வைத்துக்கொள் என யாரோ ஒரு காலத்தில் டிஃபால்ட் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, பேரூமின் எண் ஏன் கிடைக்கவில்லை? ஏனென்றால் 2020 ஜனவரி 1 முதல் அந்த எண் இல்லை.

அன்றைக்குத்தான் நார்வேயின் நகராட்சிச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 422 நகராட்சிகள் 356 ஆயின. மாவட்டங்கள் 18-லிருந்து 11. பேரூம் யாருடனும் சேரவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் அது இருந்த ஆகெர்ஷுஸ் மாவட்டம் பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்து 'வீகென்' ஆனது. எண்ணின் முதல் ரெண்டு இலக்கம் மாவட்டத்தைக் குறிப்பது. அதனால் 0219 என்பது 3024 ஆகிவிட்டது. முகவரி தருகிற பதிவேடு ஒழுங்காகப் புது எண்ணைக் கொடுத்தது. நம்ம டேபிள்தான் பழைய உலகத்தில் இருந்தது.

டெஸ்ட்டில் ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் டெஸ்ட் முகவரிகள் எல்லாமே ஓஸ்லோ. ஓஸ்லோவின் எண் மாறவில்லை. அன்றும் 0301, இன்றும் 0301. டெஸ்ட் எல்லாம் பச்சைப் பசேல்னு இருந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சீர்திருத்தத்தை நார்வே நாடாளுமன்றமான ஸ்டோர்ட்டிங் 2017 ஜூனிலேயே முடிவு செய்துவிட்டது. ரெண்டரை வருஷ அவகாசம். டிவியில், பேப்பரில், லஞ்ச் மேசையில் எல்லாரும் பேசின விஷயம். புது மாவட்டத்துக்குப் பெயர் சரியில்லை என்று சண்டை வேறு. எங்கள் டீமில் இருந்த நார்வேஜியர்கள் தினமும் அதைப் பற்றிக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் சிஸ்டத்துக்குள் வருகிற ஒரு இன்புட் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் பழைய டாக்குமென்ட்டுகளைத் தோண்டினோம். ஆறு மாதம் முன்னால் போட்ட சைபாக் படம் கிடைத்தது. இன்புட் பெட்டியில் 'நகராட்சி எண்'. சப்ளையர் பெட்டியில் 'வெளி சிஸ்டம்'. கையெழுத்து என்னோடது.

அஞ்சு கட்டம்

தெரியாதவர்களுக்கு: சப்ளையர், இன்புட், ப்ராசஸ், அவுட்புட், கஸ்டமர். இந்த அஞ்சின் முதலெழுத்துகள்தான் சைபாக். ஒரு வேலைமுறையை ஆராயப் போகிறோம் என்றால், உள்ளே புகுவதற்கு முன் ஒரே பக்கத்தில் இந்த அஞ்சையும் எழுதிவிட வேண்டும். நடுவில் ப்ராசஸ், அஞ்சிலிருந்து ஏழு படிக்குள். அதற்கு மேலே போனால் நீங்கள் ஃப்ளோசார்ட் வரைய ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அது வேறு நாள் வேலை. இடது பக்கம் உள்ளே என்ன வருகிறது, யார் தருகிறார்கள். வலது பக்கம் வெளியே என்ன போகிறது, யார் வாங்குகிறார்கள். அவ்வளவுதான்.

சிக்ஸ் சிக்மா சர்டிஃபிகேட் வாங்கியவர்களுக்கு இது 'டிஃபைன்' கட்டத்தில் வரும் பாடம். மோட்டோரோலாவில் சிக்ஸ் சிக்மா தொடங்கியது 1986-ல். ஆனால் படத்தின் வேர் அதைவிடப் பழையது. 1950-ல் டெமிங் ஜப்பானுக்குப் போய்த் தொழிலதிபர்களுக்கு வகுப்பெடுத்தபோது, உற்பத்தியை ஒரு முழு அமைப்பாகப் பார்க்கச் சொல்லி ஒரு படம் போட்டார். இடது ஓரத்தில் பொருள் தருகிறவர்கள், வலது ஓரத்தில் வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள். அந்தப் படத்தில் வலது ஓரத்திலிருந்து திரும்பி இடது பக்கமாக வருகிற ஒரு கோடும் உண்டு: பயன்படுத்துகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அதை வைத்து வடிவமைப்பை மாற்று என்பது. நாம் இப்போது பவர்பாயிண்டில் போடுகிற அஞ்சு கட்டத்தில் பெரும்பாலும் அந்தத் திரும்பி வருகிற கோடு காணாமல் போய்விட்டது. என் கருத்தில் படத்தின் பாதி உயிர் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

இன்னொரு விஷயம், கஸ்டமர் என்ற வார்த்தை. இது எனக்குப் புரிந்தது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை. 2011-ல் இன்ஜினியரிங் கவுன்சலிங் போனபோது. எங்க குடும்பத்துல நான்தான் முதல் பட்டதாரி. அதற்குச் சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தமிழ்நாடு அரசு அதற்கு முந்தைய வருஷம்தான் அதைக் கொண்டுவந்திருந்தது. விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று அப்பாவும் நானும் அலைந்தோம். கடைசியில் சான்றிதழ் கைக்கு வந்தபோது, படிவம் பழைய மாடல், கவுன்சலிங்கில் இதை ஏற்கமாட்டார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். திரும்ப முதலிலிருந்து.

அன்றைக்கு நான் என்னைக் கஸ்டமர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அந்தச் சான்றிதழின் கஸ்டமர் கவுன்சலிங் மையம். அது என்ன படிவம் வேண்டும் என்பது ஊரில் எழுதிக்கொடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. சப்ளையருக்கும் கஸ்டமருக்கும் நடுவே நானும் அப்பாவும் கூரியர் பாய்ஸ். ஆனால் தப்பு நடந்தால் சலுகை போவது எனக்கு. படத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லாதவன், பாதிப்பு மட்டும் முழுசா அவனுக்கு. இந்த ஆளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவான்.

ஒரு அறிவிப்பு, மூன்று பேர்

நார்வேயில் இந்தப் படத்தைப் பெரிய அளவில் சரியாகப் போட்ட ஒரு வேலை இருக்கிறது. யாரும் அதை சைபாக் என்று சொல்வதில்லை. 'ஆ-மெல்டிங்' என்பார்கள். மெல்டிங் என்றால் அறிவிப்பு. இங்கே சொந்தமாகக் கம்பெனி வைத்துக் கான்ட்ராக்டிங் பண்ணுகிறவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே நாக்கில் கசக்கும். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் அஞ்சாம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும்.

2015-க்கு முன்னால் ஒரு முதலாளி தன் ஊழியரைப் பற்றி வரித்துறைக்கு ஆண்டுச் சம்பள அறிக்கை ஒன்று, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை பிடித்த வரி பற்றி இன்னொன்று, ஆள் சேர்ந்தால் விலகினால் 'நாவ்' என்கிற தொழிலாளர் நல நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று, புள்ளியியல் துறைக்குச் சம்பளக் கணக்கு வேறு என்று அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே சம்பளம். அதை நாலு விதமாகச் சொல்ல வேண்டும். நாலும் ஒத்துப்போகாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

2012 ஜூனில் ஸ்டோர்ட்டிங் ஒரு சட்டம் போட்டது. 2015 ஜனவரி 1 முதல் எல்லாம் ஒரே மாத அறிவிப்பு. அனுப்புவது 'ஆல்டின்' வழியாக; அந்தப் பெயருக்கே 'எல்லாம் உள்ளே' என்றுதான் அர்த்தம். இன்புட் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொள்வது மூன்று பேர்: வரித்துறை, நாவ், புள்ளியியல் துறை. மூவருக்கும் என்ன என்ன தகவல், எந்த வடிவில், எவ்வளவு அடிக்கடி வேண்டும் என்பதை வலது பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் இடது பக்கத்தில் முதலாளி எதை ஒரே தடவையில் தரலாம் என்று முடித்திருக்கிறார்கள். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: அனுப்பினதும் பதில் வரும். எது ஏற்கப்பட்டது, எது தப்பு, எவ்வளவு கட்ட வேண்டும். டெமிங்கின் திரும்பி வருகிற கோடு.

மாதாமாதம் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே உதவித்தொகை வாங்குகிறவர்களின் தகுதி ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும். ஆனால் சரிபார்க்க வரித்துறையிடமிருந்து வந்தது ஆண்டு வருமானம். அதை 26 ஆல் வகுத்து, 'நீ ஒவ்வொரு ரெண்டு வாரமும் இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய், மறைத்துவிட்டாய்' என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடன் நோட்டீஸ் போனது. வருஷத்தில் ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலை இல்லை என்று இருந்தவர் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? 'ரோபோடெட்' என்று பெயரே வந்துவிட்டது. 2023 ஜூலையில் அரச ஆணையம் அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. சட்டத்தில் இடமில்லாத கணக்கு என்பது ஒரு பக்கம். சைபாக் கண்ணோடு பார்த்தால், இன்புட்டின் வடிவம் ப்ராசஸுக்குப் பொருந்தவில்லை, பொருந்துகிற மாதிரி வகுத்துவிட்டார்கள்.

நார்வே அதைச் சரியாகச் செய்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டே அடுத்த கதைக்கு வருகிறேன். ஏனென்றால் அதே 2012 ஜூனில் இன்னொன்றும் நடந்தது.

இன்புட் மாறியது, யாரும் பார்க்கவில்லை

2012 ஜூன் 1. ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, எண் 883/2004, நார்வேயிலும் அமலுக்கு வந்தது. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தில் இருப்பதால் இப்படிப்பட்ட விதிகள் இங்கேயும் சட்டமாகும். உள்நாட்டுச் சட்டத்தோடு மோதினால் அவற்றுக்குத்தான் முன்னுரிமை.

அந்த விதியில் ஒரு விஷயம்: நோய்க்கால உதவித்தொகை வாங்குகிற ஒருவர் ஒப்பந்த நாடுகளில் இன்னொன்றில் தங்கியிருந்தாலும் அந்தப் பணம் அவருக்கு உண்டு. நார்வேயின் உள்நாட்டுச் சட்டம் வேறு மாதிரி சொன்னது: உதவித்தொகை வேண்டுமென்றால் நார்வேயில் இரு, வெளியே போவதென்றால் முன்கூட்டி அனுமதி வாங்கு. நாவ் தன் நடைமுறையை உள்நாட்டுச் சட்டத்தின் மேல் கட்டியிருந்தது. புது விதி சின்னப் பயணங்களுக்குப் பொருந்தாது என்ற வாசிப்பில் அது தொடர்ந்து இயங்கியது.

இந்த ப்ராசஸை ஒரு பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று வகை உதவித்தொகை: நோயில் விடுப்பு எடுத்தவருக்கு, வேலைக்குத் திரும்ப முடியுமா என்று மதிப்பிடப்படும் காலத்தில் இருப்பவருக்கு, நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு. ஒருவர் சொல்லாமல் ஸ்பெயின் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தார் என்று வையுங்கள். கண்டுபிடிக்கிறார்கள். அவுட்புட்: பணத்தைத் திருப்பிக் கட்டு என்ற முடிவு. தொகை பெரிதென்றால் போலீஸில் மோசடிப் புகார். அந்த அவுட்புட்டின் கஸ்டமர் யார்? அரசு வழக்கறிஞர். அவர் அதை இன்புட்டாக வாங்கிக் குற்றப்பத்திரிகை போடுகிறார். அவருடைய கஸ்டமர் நீதிமன்றம். அது தீர்ப்பு எழுதுகிறது. ஒவ்வொருவரும் தனக்கு வந்த இன்புட்டைச் சரிபார்த்தார்கள்: பயணம் நடந்ததா, பணம் வாங்கினாரா, சொன்னாரா. அடியில் கிடந்த சட்டம் இன்னும் அதே சட்டம்தானா என்று கேட்பது அடுத்த பெட்டிக்காரரின் வேலை என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர்களும்கூட.

திரும்பி வருகிற கோடு முற்றிலும் இல்லாமல் இல்லை. மேல்முறையீடுகளை விசாரிக்கிற சமூகக் காப்பீட்டுத் தீர்ப்பாயம் 2017 முதல் சில வழக்குகளில் நாவின் வாசிப்பு தப்பு என்று எழுதியது. அவை தனித்தனி வழக்குகளாகவே பார்க்கப்பட்டன. நடைமுறை மாறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், பக் டிக்கெட் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் 'இந்த ஒரு யூசருக்குச் சரி செய்துவிட்டோம்' என்று க்ளோஸ் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

2019 அக்டோபர் 28 அன்று தொழிலாளர் துறை அமைச்சர் அன்னிகென் ஹாகுலியும் நாவ் இயக்குநர் சிக்ருன் வோகெங்கும் செய்தியாளர் முன் வந்தார்கள். அன்றைய கணக்குப்படி குறைந்தது 48 பேர் தவறாக மோசடிக் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டிருந்தார்கள். அதில் 36 பேருக்குச் சிறை. சுமார் 2400 பேரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். பிறகு இந்த எண்கள் கூடின.

நான் அன்று கிளையன்ட் ஆபீஸில் இருந்தேன். லஞ்ச் ரூம் டிவியில் ஓடியது. வழக்கமாக ஸ்கீ பற்றியும் வீட்டுக் கடன் வட்டி பற்றியும் பேசுகிறவர்கள் ஒருத்தரும் பேசவில்லை. அரசாங்கத்தை நம்புவதை மூச்சு விடுகிற மாதிரிச் செய்கிறவர்கள் இவர்கள். அந்த அமைதி எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. இரண்டு மாதம் கழித்து, ஜனவரியில், அதே தப்பின் பொம்மை வடிவம் என் டேபிளில் வந்து நிற்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். முதுகு வலியால் நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர். அந்த வாரம் லிஃப்டில் பார்த்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் சட்டமும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"அப்ப தம்பி, ஜெர்மனியில இருக்கிற அக்காவிட்டப் போய் நிக்கலாமோ?"

"இந்த விதிப்படி அது சரிண்ணே."

"யாழ்ப்பாணத்துக்கு?"

"அது ஐரோப்பாவுக்குள்ள மட்டும்தான்ணே. அங்க போறதுக்கு இது பொருந்தாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்களுக்கெண்டா எங்கையாவது ஒரு கோடு கீறித்தான் வச்சிருப்பாங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிஸ்டத்தின் எல்லைக்கோடு எங்கே என்று வொர்க்‌ஷாப்பில் முதல் கேள்வியாகக் கேட்கிறவன் நான். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் லிஃப்டில் எதிரே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பேராசிரியர் ஃபின் ஆர்னெசன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று அறிக்கை வந்தது. தலைப்பு 'ப்ளின்ட்சோனென்'. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பக்கக் கண்ணாடியில் விழாத அந்த இடம். தப்பு 2012-ல் தொடங்கவில்லை, ஒப்பந்தம் அமலுக்கு வந்த 1994 வரை பின்னால் போகிறது என்றது ஆணையம். பழி நாவ் மீது மட்டும் இல்லை. அமைச்சகம், தீர்ப்பாயம், அரசு வழக்கறிஞர்கள், நீதிமன்றங்கள், வழக்கறிஞர்கள், சட்டக் கல்வித்துறை என்று சங்கிலி முழுக்க. 2021 மே மாதம் ஈஎஃப்டிஏ நீதிமன்றமும், ஜூலையில் நார்வே உச்ச நீதிமன்றமும் இதைக் கையாண்டன. இத்தாலியில் தங்கியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் விடுதலை ஆனார். அவர் அங்கே தங்கியது 2012-க்கும் முன்னால்.

இப்ப அந்தக் கூரியர் பையனுக்குத் திரும்ப வருவோம். இந்தச் சங்கிலியில் ஸ்பெயின் போய் வந்தவர் எந்தப் பெட்டியில் இருக்கிறார்? தகவல் கொடுக்கிறார், அதனால் சப்ளையர். உதவித்தொகை ப்ராசஸில் கஸ்டமர். ஆனால் அந்தக் கண்காணிப்பு ப்ராசஸில், பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் எழுதுகிற அந்தத் தனி ஓட்டத்தில், அவர் யாருக்கும் கஸ்டமர் இல்லை. அவர்தான் அங்கே பதப்படுத்தப்படுகிற பொருள். பொருளிடம் யாரும் 'திருப்தியா?' என்று ஃபீட்பேக் கேட்பதில்லை.

ஒரு வார்த்தை பத்தாது

சைபாக் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்லப்போகிறேன் என நினைக்காதீர்கள். நடந்திருக்கும். நூறு வொர்க்‌ஷாப் வைத்திருந்தாலும் இன்புட் பெட்டியில் 'சட்டம்' என்று எழுதி, சப்ளையர் பெட்டியில் 'ஸ்டோர்ட்டிங்' என்று எழுதி, டீ குடிக்கப் போயிருப்பார்கள். நான் 'வெளி சிஸ்டம்' என்று எழுதின மாதிரி. அந்தப் படம் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் தகவல் இல்லை, அவ்வளவுதான். என்னுடைய தப்பில் சில நூறு பேருக்குப் பில் தப்பானது, ரெண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அங்கே ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். தப்பின் ஜாதி ஒன்று, எடை வேறு.

அதனால் நான் இப்போது கொஞ்சம் வேறு மாதிரி நடத்துகிறேன். முதலில் வலது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பது. கஸ்டமர் பெட்டியில் டிபார்ட்மென்ட் பெயர் எழுதினால் கிழித்துவிடுவேன். அந்தத் தாளைக் கையில் வாங்கி அடுத்து ஏதாவது செய்கிற ஆள் வேண்டும். அதற்குக் கீழே வேறு நிறத்தில் இன்னொரு நோட்: இது தப்பாகப் போனால் யார் ராத்திரி தூங்கமாட்டார்? பல சமயம் அந்த ஆள் அஞ்சு கட்டத்திலும் இருக்கமாட்டார். அவர் பெயரை எங்காவது ஒட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு இது பிடிப்பதில்லை. "அவர் நம்ம ஸ்கோப்பில் இல்லையே" என்பார்கள். இல்லைதான். அதனால்தான் ஒட்டுகிறேன்.

இடது ஓரத்தில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரே கேள்வி. உன்னைக் கேட்காமல் இதை மாற்றக்கூடியவர் யார், மாற்றினால் உனக்கு எப்படித் தெரியும்? முதல் பாதிக்கு எல்லாரும் பதில் சொல்லிவிடுவார்கள். ரெண்டாம் பாதியில்தான் அறை அமைதியாகும். "பேப்பர்ல வரும்" என்று ஒருத்தர் சொன்னார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விஷயத்தில் பேப்பரில் ரெண்டரை வருஷம் வந்தது.

அந்த நகராட்சி எண்களுக்கு ஒரு பின்கதையும் உண்டு. வீகென் மாவட்டம் யாருக்கும் பிடிக்கவில்லை. 2024 ஜனவரி 1 அன்று அதைத் திரும்ப மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பேரூம் 3024-லிருந்து 3201. நான் அந்த கிளையன்ட்டை விட்டு வந்து நாளாகியிருந்தது. டிசம்பர் 30 அன்று அங்கே இருக்கிற பழைய சகாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "டேபிள்?" அவன் ஒரு போட்டோ அனுப்பினான். எங்கள் பழைய சைபாக் படம், இன்னும் சுவரில் இருந்தது. 'வெளி சிஸ்டம்' அடிக்கப்பட்டு, மேலே பேனாவில் 'ஸ்டோர்ட்டிங், நகராட்சித் துறை அமைச்சகம். புள்ளியியல் துறையின் குறியீட்டுப் பட்டியல், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது' என்று எழுதி, பார்க்க வேண்டியவர் பெயரும் போட்டிருந்தது.

போன மாதம் வேறொரு இடத்தில் வொர்க்‌ஷாப். வழக்கம்போல ஒருத்தர் மஞ்சள் நோட்டில் 'சட்டம்' என்று எழுதி ஒட்டினார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். இன்னொரு நோட் வந்தது. எந்தப் பிரிவு என்றேன். அரை மணி நேரத்தில் பதினாலு நோட் ஆயிற்று. கடைசியில் மேல் மாடியிலிருந்து அவர்களுடைய சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அந்தம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் படித்தார். ரெண்டு நோட்டை எடுத்துக் கசக்கிப் போட்டார். "இது ரெண்டும் போன வருஷமே ரத்து" என்றார்.

அந்த ரெண்டில் ஒன்றின் மேல் ஒரு சர்வீஸ் ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. டெவலப்பர் பையன் லேப்டாப்பைத் திறந்தான். மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான் போனோம்.

உங்கள் டீமின் சைபாக் படம் இருந்தால், கிளையன்ட் பெயரை மறைத்து அனுப்புங்கள். சப்ளையர் பெட்டியில் 'வெளி சிஸ்டம்' என்று இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள், துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த எபிசோடில் டேட்டா கான்ட்ராக்ட் பற்றிப் பேசலாம்.